பல் தடம்

செத்துப்போன ஒரு குழந்தையின் பல் தடத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்தவன் நான். தெரியாமல் செய்ததுதானே என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

பொன்னேரியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் பழைய பூமராங்குகள், வீசினால் திரும்பி வருகிற வளைந்த கட்டைகள். கையால் செதுக்கியவை மட்டும். "ஒட்டடை அடிக்கவாவது ஒண்ணு உதவுமா?" என்பாள் மனைவி. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒன்று கிடைத்தால், அதைச் செதுக்கிய ஆளைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படித்தான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் அந்தப் படகுத் தச்சரைக் கண்டுபிடித்தேன்.

படகுக்கு உள்ளே விலா எலும்பு போல வைக்கிற கட்டைக்கு வங்கு என்று பெயர். அதற்குத் தானாகவே வளைந்து வளர்ந்த கிளைதான் வேண்டும். அதில் மிஞ்சும் துண்டுகளில், பறவை பார்க்க வருகிறவர்களுக்காக முன்பு அவர் பூமராங் செய்து கொடுத்திருக்கிறார். வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அவர் முதன்முதலில் செய்தது. அதன் ஒரு நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். என்ன அது என்று நான் கேட்கவே இல்லை. ஏதோ நாய் கடித்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை சொன்னார்: "அது குடுக்கறதுக்கு இல்ல சார். போட்டோ புடிக்கணும்னா எடுத்துக்கினு போ. ஞாயித்துக்கெழம கொணாந்துடு."

எடுத்து வந்தவன் போட்டோவோடு நிறுத்தியிருக்கலாம். நுனி சொத்தையாக இருந்தால் வீசியது திரும்பி வராது என்கிற என் மேதாவித்தனம் சும்மா இருக்க விடவில்லை. பள்ளங்களைத் தேய்த்தேன், மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன், வார்னிஷ் அடித்தேன். புதுசு போல ஆனதைப் பார்த்துப் பூரித்துப்போய் எனக்கே கொடுத்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு படகுக்கு வங்கு பொருத்திக்கொண்டிருந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கட்டைவிரல் நேராக நுனிக்குப் போனது. தடவினார். திருப்பி மறு நுனியைத் தடவினார்.

"இங்க இருந்துச்சே சார்?"

"அந்தப் பள்ளமா? அடைச்சிட்டேன் ஐயா. இப்ப வீசிப் பாருங்க, ஜோரா திரும்பி வரும்." சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன்.

பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி கையை நிறுத்தினார். "எம் பொண்ணு பல்லு மொளைக்கசொல்ல கடிச்சது சார் அது. மரம் காயறதுக்குள்ள எடுத்துக் கடிச்சிட்டா. ரெண்டு வயசு கூட ஆவல, காச்சல்ல பூட்டா. அவளுதுன்னு வேற இன்னா இருக்கு எங்களாண்ட?"

"வுடு, அவருக்கு இன்னா தெரியும்" என்றார் அவர்.

திட்டியிருந்தால் தேவலை. அவர் இன்னும் ஒரு முறை அந்த நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, பூமராங்கை என்னிடம் நீட்டினார்.

"நீயே வச்சிக்கோ சார். கேட்டுக்கினே இருந்தியே."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? வாங்கிக்கொண்டேன்.