விமானக்காரன் பங்கு

திருவொற்றியூர்க் குப்பத்தில் எத்திராஜைப் போலக் கறாரான ஆள் கிடையாது. அவன் கட்டுமரத்தில் ஏறியவன் எவனானாலும் அன்றைய மீனில் ஒரு பங்கு உண்டு. வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து வந்த மச்சானுக்குக்கூட ஒரு மீன் குறையாமல் கொடுத்தவன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், திசைகாட்டி பழுதாகி வழி தவறிய சின்ன விமானம் ஒன்று அவன் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. ஓட்டியவன் மீசை சரியாக முளைக்காத பிள்ளை. எத்திராஜ் அவனை மரத்தில் இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தான். குழந்தைக்காக ஏறாத கோயில் இல்லாத அவன் பெண்சாதி பச்சையம்மா, பையனை மடியில் கிடத்தித் தலை துவட்டிக் கஞ்சி புகட்டினாள். அரை மயக்கத்தில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றான். அதற்குள் ஜீப் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எத்திராஜ் அவனுக்கும் ஒரு பங்கு பிரித்து வைத்திருந்தான். வந்தால் கொடுக்க வேண்டுமே என்று பச்சையம்மா அதை உப்புப் போட்டுக் காயவைத்தாள்.

மறுநாள் எத்திராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனான். துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். எப்படிச் சொல்வதென்று திரும்பும் வழியெல்லாம் யோசித்து வந்தவனுக்கு, வீட்டு வாசலில் நின்ற பச்சையம்மாவைப் பார்த்ததும் வாயில் வேறு பேச்சு வந்தது.

“நல்லா கீறான். அவுங்க வூட்டுக்கு இட்டுகினு பூட்டாங்க. உன்னப் பாக்க வர்றேன்னான்.”

போதாதா? ஆகாசப் பிள்ளை வந்துவிட்டானா என்று குப்பமே அவளைக் கிண்டல் செய்தது. அவள் அசரவில்லை. பழைய கருவாட்டைக் குழம்பில் போட்டுவிட்டு ஐப்பசிக்கு ஐப்பசி அவன் பங்குக்குப் புது மீன் கேட்டாள். அவனும் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து ஒதுக்கினான். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்ல வாயெடுத்து, மீனை மட்டும் நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பாவமாக இருந்தது.

ஒரு வருஷம் சொல்லியே விடுவதென்று, வலை உலர்த்திக்கொண்டே அவளைக் கூப்பிட்டான். அப்போது பார்த்து, துறைமுகப் பக்கமிருந்து ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து வந்தது. பச்சையம்மா முந்தானையை வீசினாள்.

“அவன்தானா பாருய்யா. ஆஸ்பத்திரிலயும் பாத்தவன் நீ, உனக்குத்தான் மூஞ்சி நல்லா தெரியும்.”

அவனுக்குத் தெரியாதா அந்த முகம்? துணிக்கு அடியில் பார்த்த முகமாயிற்றே. இருந்தும் அண்ணாந்து பார்த்தான். அவனாக இருந்துவிடக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தோள் துண்டை உருவி வீசிக்கொண்டே ஈர மணலில் ஓடினான்.

“தம்பி, உன் பங்கு கீதுடா. வந்து வாங்கிகினு போடா.”

விமானம் எண்ணூர்ப் பக்கம் மறைந்த பிறகும் அவன் கையை இறக்கவில்லை.