மூக்கு எழுதிய ரிஜிஸ்டர்

"ஊது" என்று வாட்ச்மேன் என் தாய்மாமாவின் வாயருகே மூக்கை நீட்டினார். குடிநோயை எங்கள் டேனரியில் மூக்குதான் கண்டுபிடிக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் டைம் ஆபீஸில் நான் கிளார்க். மாமாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. வாடை வந்தால் ரிஜிஸ்டரில் 'குடிகாரன்' என்று எழுதுவார்கள். மூன்று முறை எழுதினால் வேலை போய்விடும். மாமாவுக்கு இது இரண்டாவது.

"நேத்து கல்யாணம் சார், ரெண்டு கிளாஸ்தான். பொங்கலுக்கு அப்புறம் இப்பதான் தொட்டேன்" என்று மாமா சூப்பர்வைசரிடம் கெஞ்சினார்.

"குடிகாரனுக்கு சாக்கு இன்னா கம்மியா?" என்று சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கி எழுத்து கோணியது. ஒரு மடக்கு உள்ளே போகும்வரை அவர் கை தினமும் அப்படித்தான். பிறகு கிராம்பை மென்றுகொண்டு வருவார். அவரை யார் ஊதச் சொல்வது? "விட்டுப் பாத்தேம்பா, ரெண்டு நாள் தாங்கல" என்று என்னிடமே சொன்னவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் தொடாதவர் குடிகாரராம். விட முடியாமல் தவிப்பவர் அதிகாரியாம்! நோய் இருக்கும் அந்த அதிகாரிக்கும் வைத்தியம் கிடைக்கவில்லை.

அன்றே ரிஜிஸ்டரில் புதுப் பத்தி ஒன்றுக்குக் கோடு போட்டு, 'விட்டுப் பார்த்தாரா? முடிந்ததா?' என்று தலைப்பு எழுதினேன். வியாழக்கிழமை வரும் டேனரி டாக்டரிடம், யாரையும் மூன்றாவது முறை எழுதுவதற்கு முன் அவரிடம் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று சண்டை போடுவதாக இருந்தேன்.