உப்பு மட்டும் புழங்கும் வீடு

விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஸ்க்ரப் அக்கா எந்த டப்பாவையும் மூட மாட்டார். எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் பொடியும் சேர்ந்துவிட்டால் உப்பும் சர்க்கரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடமாக அவர் உடம்புக்குத் தேய்க்கும் ஸ்க்ரப்பை உப்பில் மட்டும்தான் செய்கிறார். பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டால், "பழகிப்போச்சும்மா, கை தானா வாய்க்குப் போகுது" என்று சிரிப்பார்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவர் வீடு. பகலெல்லாம் தையல் கூடத்தில் பொத்தான் வைத்துவிட்டு, மாலையில் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு கலக்க உட்காருவார். உப்பை இரண்டு முறை சலிப்பார். சல்லடையில் நிற்கும் பருமணி குதிகாலுக்கு, கீழே விழுவது முழங்கைக்கு. முழங்கையை வைத்தே ஆளை எடைபோடுவார். "நீ நாள் பூரா மேசையில கைய ஊனிக்கிட்டே இருக்கிற ஆளு" என்று முதல் நாளே என்னைப் பிடித்துவிட்டார்.

எனக்கு மெல்லிய தோல். கால் முடியை மழித்த மறுநாள் அந்த உப்பைத் தேய்த்துவிட்டுக் குளியலறையில் நான் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்க்காதது என் நல்ல காலம். எரிச்சலோடு கீழே இறங்கிப் போய், "எனக்குச் சர்க்கரையில பண்ணிக் குடுங்கக்கா" என்றேன்.

"சர்க்கரையா? எறும்பு வரும். பிசுபிசுக்கும். தண்ணி பட்டதும் கரைஞ்சு ஓடிரும். உப்புதான்மா நின்னு வேலை செய்யும்!"

கால் எரிய நிற்கிறவளிடமே இப்படி அளந்தால் ஆத்திரம் வராதா? வந்தது. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று கத்திவிட்டுத் திரும்பினேன். ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவர் கணவர்தான் என்னைக் கூப்பிட்டார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்.

"அவமேல கோவப்படாதம்மா. நான்தான் காரணம். முன்னெல்லாம் சர்க்கரையிலயும் பண்ணுவா. நான் ஸ்பூன் போட்டு அள்ளித் தின்னுட்டேன்."

"எண்ணெயோடயா?"

"ஆமா. ஆரஞ்சு மிட்டாய் மாதிரியே இருக்கும்" என்றார். சொல்லும்போதே அவருக்கு வாய் ஊறியது தெரிந்தது.

அவருக்கு நீரிழிவு. டப்பாவில் அளவு குறையக் குறைய, எறும்பின் வேலை என்று அக்கா ஒரு மாதம் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் டப்பாக்களை வைத்திருக்கிறார். ஒரு மாலை கணவரின் மீசையில் ஆரஞ்சுத் தோல் பொடி. அடுத்த வாரமே காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றோடு அந்த வீட்டில் சர்க்கரை ஏறவில்லை. அக்காவுக்கு ஒரு நோயும் இல்லை. அவரும் சர்க்கரை போடாத டீதான் குடிக்கிறார். இதெல்லாம் தெரிந்தபோது நான் போட்ட சத்தத்துக்கு வெட்கமாக இருந்தது.

போன மாதம் ஓர் அழகு நிலையத்திலிருந்து ஆள் வந்தது. மாதாமாதம் அறுபது டப்பா வேண்டும், சர்க்கரையில் மட்டும். கிடைத்தால் பொத்தான் வேலையை விட்டுவிட்டுக் கணவர் கூடவே இருக்கலாம். அக்கா இரண்டு நாள் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்தார். "உப்புல தரேன்னு சொல்லிப் பாத்தேன். மெழுகு போட்டு முடி எடுத்த கைக்கு உப்பு வைக்க முடியுமான்னு கேக்குறாங்க. நியாயம்தானே?" என்றார். என் காலைத் தெரியாமல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாடி ஏறி வந்தார். "ஏம்மா, உன் சமையலறையில எனக்கு ஒரு ஓரம் தருவியா?"

நேற்று என் சமையலறையில் முதல் இருபது டப்பா தயாரானது. சிந்திய ஒரு மணியைக் கூட விடாமல் துடைத்தார், ஸ்பூனைக் கழுவினார், புடவையை உதறினார், சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினார். "வாசம் பட்டாலே மனுஷன் தவிச்சுப் போயிருவாரு" என்றார். நான் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்குவதைப் பார்த்தேன். கீழே வீட்டுக்குள்ளிருந்து "வந்துட்டியா?" என்று கணவரின் குரல் கேட்டது.

அக்கா கதவில் வைத்த கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக நாக்கில் தொட்டுப் பார்த்தார். ஏழாவது விரலில் நின்றார். "இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக் குழாய்க்கு மறுபடி படியேறினார்.