கோயில் மேட்டில் முள்ளுப்பழம்

பாலோ என்ற சிற்றூருக்கு வெளியே, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன முருகன் கோயில். அதன் பின்னால் உள்ள தகர அறையில் நான் தங்கியிருக்கிறேன். வாடகை கிடையாது. பதிலுக்குக் கோயிலைக் கூட்ட வேண்டும், விளக்குகளைத் துடைக்க வேண்டும், கோயிலுக்கு ஏறும் மேட்டில் லாலான் புல் மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து வயதில், மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டேன். லாயாங் லாயாங்கில் பனங்குலை வெட்டினேன், ஆயர் ஈத்தாமில் பூச்சாடி அடுக்கினேன், சிங்கப்பூரில் சுவருக்குச் சாயம் அடித்தேன். பேருந்து நிலையத்தில் படுத்ததும் உண்டு. ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் கால் அரிக்கும். இந்த அறைக்கு வந்தபிறகுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டில் வாங்கினேன். கட்டில் இருப்பவன் லேசில் ஊர் மாற மாட்டான்.

லாலான் வெட்ட வெட்ட வளர்ந்தது. மழை பெய்தால் வெட்டிய இடத்து மண் கரைந்து சாலைக்குப் போனது. ரப்பர்த் தோட்டத்தில் புல்லை அடக்க மரங்களுக்கு நடுவே கொடி விடுவார்கள். அதையே இங்கே செய்தால் என்ன என்று தோன்றியது. லாயாங் லாயாங் காட்டோரத்தில் சிவப்பாகப் பழுக்கும் ஒரு முட்கொடி உண்டு. குலை வெட்டும்போது அதைப் பறித்துத் தின்று பசியாறியிருக்கிறேன். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். எந்தக் காலத்திலும் இலை உதிராது. நாங்கள் முள்ளுப்பழம் என்போம். மோட்டார் சைக்கிளில் போய் ஒரு சாக்கு நிறையத் தண்டு கொண்டுவந்து மேட்டின் ஒரு பக்கம் நட்டேன்.

அது வளரவில்லை, கிளம்பியது. நுனி மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் பிடித்தது. லாலான் மூச்சுமுட்டிச் செத்தது. மண் ஒரு பிடி நகரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகமாக நீண்டதைக் கழித்து, எதிர்ப்பக்கம் சொட்டையாகக் கிடக்கிறதே, மக்கட்டும் என்று அங்கே பரப்பினேன். அடைமழை பிடித்தது. கழித்துப்போட்டது அத்தனையும் துளிர்த்தது. இரண்டு பக்கக் கொடிகளும் நடுப்பாதையை நோக்கிக் கையை நீட்டின.

தோட்டத்தில் எல்லோரும் பூட்ஸ் போட்டிருப்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடியும் பால்குடமும் எடுப்பவர்கள் இந்த மேட்டில் வெறுங்காலோடு ஏறுவார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. போன தைப்பூசம் முடிந்த பிறகுதானே நான் இங்கே வந்தேன்.

கோயில் தலைவருக்கு உறைத்தது. லோரி வைத்துத் தொழில் செய்பவர். செருப்பைச் சாலையில் கழற்றிவிட்டு ஏறியவர் பாதி மேட்டில் ஒற்றைக் காலில் நின்றார்.

"என்னாயா இது? கோயிலா, காடா?"

"பழம் காய்க்கும் தலைவரே."

"என் கால்ல காய்ச்சிருக்கு, வந்து பறி."

குனிந்து முள்ளைப் பிடுங்கினேன். வேட்டியும் மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடுவித்தேன்.

"பூசத்துக்குப் பாதைய மட்டும் சுத்தமா வச்சுரு. மறுநாள் ரெண்டு பேரு புல்லு வெட்டுற மெசினோட வருவானுங்க, மிச்சத்த வழிச்சிருவானுங்க. நீயும் மூட்டையக் கட்டிக்க. கட்டில் ஏத்த லோரி நானே தர்றேன், காசு வேணாம்."

நல்ல மனிதர்தான். பாராங் கத்தியைத் தீட்டிப் பாதையை வெட்டினேன். முள் துணுக்குகளைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்து, மேலே அரிசிச் சாக்குகளை விரித்தேன்.

தைப்பூசத்தன்று வரிசை மேட்டிலிருந்து சாலைவரை நின்றது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அக்கா, தலையில் பால்குடம், பின்னால் அவர் புருஷன் கையில் அர்ச்சனைத் தட்டு. அக்கா திரும்பித் தட்டைப் பார்த்தார்.

"வாழப்பழம் எங்க?"

"காடியில, பின் சீட்டுல இருக்கும்."

"காடியில இருந்தா சாமி காடிக்கு வருமா? ஒரு வேலை சொன்னேன், ஒரே வேலை."

"போய் எடுத்தாரவா?"

"போனா வரிச போயிரும். அந்தா செவப்பா தொங்குதே, அது பழந்தானே? தம்பி, தின்னலாமா இது?"

தின்னலாம் என்றேன். புருஷன் பறித்து வெற்றிலையில் அடுக்கினார். முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே பறித்தார். பின்னால் இருந்தவர்களுக்கும் தட்டில் ஏதோ குறை இருந்தது போலும். மேலும் சில கைகள் நீண்டன.

ஐயர் தட்டுகளை வாங்கிச் சாமி முன் வைத்தார். தீபாராதனை காட்டினார். சாமிக்கு வைத்த பழத்தில் கொஞ்சம் தலைவரின் கைக்கும் பிரசாதமாக வந்தது. கண்ணில் ஒற்றி வாயில் போட்டார்.

"நல்லா இருக்கே. கேமரன் மலையிலேருந்து வந்துச்சா?"

"நம்ம மேட்டுலேருந்து தலைவரே" என்றேன்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. துப்ப முடியாது, பிரசாதம். மெதுவாக விழுங்கினார்.

மறுநாள் மெசினோடு இருவர் வந்தார்கள். விஷயம் அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. அவர்களில் மூத்தவர் மெசினைக் கீழே வைத்தார்.

"சாமிக்கு வச்சத நான் வெட்டமாட்டேன் தலைவரே. எங்க வீட்டுல பொண்ணு இப்பதான் மாசமா இருக்கு. நீங்க வெட்டுங்க, நாங்க பாத்துக்கிட்டு நிக்கிறோம்."

தலைவர் மெசினைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், சன்னதியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். மூட்டை கட்டி, கட்டிலை வாசலில் சாய்த்து வைத்திருந்தேன்.

"கட்டில உள்ள போடு. செவ்வாக்கிழமைக்கு ஒரு தட்டுப் பழம் சாமிக்கு வந்துரணும். பாதைக்கு மட்டும் வந்துச்சு, அப்புறம் தெரியும்."

"அதுகிட்ட சொல்லி வைக்கிறேன் தலைவரே."

செவ்வாய்தோறும் காலையில் பறிக்கிறேன். கையெல்லாம் கீறல். தலைவர் தவறாமல் வந்து முதல் ஆளாகப் பிரசாதத்துக்குக் கை நீட்டுகிறார். மேட்டில் ஏறும்போது மட்டும் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்.