சனிக்கிழமை வகுப்பும் வராத வாழ்த்துப்பாவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் சரித்திர லெக்சரர் சுயம்புவை ஒரு வாழைக்காய் மண்டியில் வைத்துக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

அவர் வாழைக்காய் திருடவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மண்டியின் பின்பக்கத்தில் தார்களை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, இண்டர்மீடியட் பையன்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சுயம்பு தராசுக்குப் பக்கத்தில் நின்று பிரெஞ்சுப் புரட்சியை விளக்கிக்கொண்டிருந்தார். பாரிஸ் ஜனங்கள் கோட்டையை உடைத்து உள்ளே புகுகிற கட்டம். என்னைப் பார்த்ததும் புரட்சி அப்படியே நின்றுவிட்டது.

"வாங்க பண்டிதரே... சும்மா இந்தப் பக்கம் வந்தியளா?"

"நான் சும்மா வரல்ல வேய். நீரு சும்மா இருக்கேரான்னு பாக்க வந்தேன்."

எனக்குக் கோபம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்கள். அந்த வாரம்தான் எங்கள் ஆசிரியர் சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தோம் — இனி சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் யாரும் எடுப்பதில்லை என்று. அதை முன்மொழிந்தவரே இந்தச் சுயம்புதான். சாதாரணமாக முன்மொழியவில்லை... மேஜையைக் குத்தி முன்மொழிந்தார். என் காப்பி சிந்தி வேட்டியெல்லாம் கறை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவில் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் நான் தமிழ்ப் பண்டிதன். பெயர் வேண்டாம், வம்பு. அங்கே ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்கு நான்தான் செயலாளர். எப்படிச் செயலாளர் ஆனேன் என்கிறீர்களா? மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்ட நேரத்தில் நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், ஏகமனதாகத் தேர்வாகியிருந்தேன்.

எங்கள் மானேஜ்மெண்டுக்கு ஒரு வழக்கம். நிரந்தர அக்ரிமெண்ட் இல்லாத ஆசிரியர்களை மார்ச் மாதக் கடைசியில் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏப்ரல், மே விடுமுறை. ஜூனில் அதே ஆளைப் புதிதாக நியமிப்பார்கள். விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. பழைய சர்வீஸ் எதுவும் கணக்கில் சேராது. மாணவர்களுக்கு அவரைத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், கேட்டுக்கு வெளியே கடலை விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். மானேஜ்மெண்டுக்கு மட்டும் ஒவ்வொரு ஜூனிலும் அவர் புத்தம் புது ஆள்.

கணித லெக்சரர் லூர்து மேரிக்கு இது நாலு வருஷமாக நடக்கிறது. குளச்சல்காரர். அப்பா கடல் தொழில். அவர்கள் தெருவிலிருந்து காலேஜ் படிக்க வந்த முதல் பெண். கணக்கு என்றால் ஓட்டமெடுக்கிற பையனைக்கூட உட்கார வைத்துப் பாஸ் பண்ண வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் நாலு வருஷமும் முதல் வருஷ லெக்சரர்.

இந்த ஜூனில் அந்தப் புது ஆள் வேலையும் கிடையாது என்று தெரியவந்தது. எங்கள் மானேஜர்தான் கல்லூரி முதலாளி. அவர் மச்சினன் மகன் திருவனந்தபுரத்தில் கணித ஆனர்ஸ் முடிக்கிறானாம். மார்ச்சில் லூர்து மேரி வெளியே போனால் ஜூனில் நாற்காலி காலி. டிஸ்மிஸ் பண்ண வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், திரும்பக் கூப்பிடாமல் இருந்தாலே போதும். எவ்வளவு சுத்தமான வேலை, பார்த்தீர்களா?

அதனால் மார்ச்சுக்கு முன்னால் அவருக்கு நிரந்தர அக்ரிமெண்ட் வேண்டும் என்று கேட்டோம். கேட்டால் கொடுத்துவிடுவாரா? "யோசிப்போம்" என்றார் மானேஜர். அவர் யோசிக்கிறேன் என்றால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஸ்பெஷல் கிளாஸை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம். எங்கள் கல்லூரி ரிசல்டுக்குப் பேர் போனது. அந்த ரிசல்ட் சனிக்கிழமைகளில்தான் விளைகிறது. சனிக்கிழமை வகுப்பு எடுக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நாங்களாக எடுப்பது, நாங்களாக நிறுத்தலாம். பரீட்சை நெருங்குகிறது... ஒரே வாரத்தில் மானேஜர் இறங்கி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டோம்.

கணக்கு சரி. போட்ட ஆட்கள்தான் சரியில்லை.

"போர்ஷன் முடியல்ல பண்டிதரே" என்றார் சுயம்பு, என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய். "நெப்போலியன இன்னும் தொடக்கூட இல்ல. பயக்க பரீட்சையில போயி என்னத்த எழுதுவானுவ? நான் ஒருத்தன் எடுத்தா என்ன கெட்டுப்போச்சு... மத்தவங்க எல்லாரும் உறுதியா நிக்காவல்லா?"

மற்றவர்களா? சங்கத் தலைவர் ஞானமுத்துவிடம் புகார் சொல்லலாம் என்று நடந்தேன். ஆங்கிலப் பேராசிரியர். கோட்டு போட்டவர். கொள்கை என்றால் கொள்கை என்று நிற்கிறவர். அவர் வீட்டில் இல்லை. வீட்டுக்கு அடுத்த சர்ச் ஹாலில் இருந்தார். அங்கே ஓர் ஆங்கில நாடகத்தில் ராஜா ஒருவர் ரொம்ப நேரமாகச் செத்துக்கொண்டிருந்தார். முன் பெஞ்சுப் பெண்கள் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"செக்ரட்டரி, தப்பா நெனைக்கப்படாது" என்றார் ஞானமுத்து. "இந்த ஒரு ஆக்ட் மட்டும் பாக்கி கெடக்கு. மத்தவங்க எல்லாம் நிறுத்தியாச்சுல்லா... நான் ஒருத்தன் எடுத்ததுனால சங்கம் ஒண்ணும் இடிஞ்சு விழாது."

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சரி, யாருக்காக இந்தப் போராட்டமோ அவரையாவது பார்த்து நாலு வார்த்தை தைரியம் சொல்லிவிட்டு வரலாம் என்று குளச்சல் பஸ்ஸில் ஏறினேன். கடற்கரையில் மீன் ஏலம் முடிகிற நேரம். லூர்து மேரி வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருமுனைக்கு வரும்போதே இருபடிச் சமன்பாடு காதில் விழுந்தது.

முற்றத்தில் ஒரு பழைய மீன்பிடி வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். மணலில் எங்கள் மாணவர்கள். இராஜாக்கமங்கலத்துப் பையன்கள் ஒரு பக்கம், புதுக்கடையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு பக்கம். அவர் அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வகுப்பைக் கலைக்காமல், முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏம்மா, உனக்காகத்தானே நாங்க கெடந்து மல்லுக்கட்டுகோம்... நீயே இப்படிச் செய்யலாமா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நீங்க யாரும் எடுக்கமாட்டியன்னு நெனச்சுத்தான் சார் நான் எடுத்தேன். எல்லா கிளாசும் ஒண்ணா நின்னுபோனா இந்தப் பிள்ளைய பாவம், எங்க போவும்?"

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்களுக்குச் சங்கத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அபாரமான நம்பிக்கை. மற்றவர்கள் எல்லாரும் தீர்மானத்தைக் கட்டிக்காப்பார்கள் என்று அப்படி நம்பித்தான் ஒவ்வொருவரும் அதை மீறியிருக்கிறார்கள். இந்த நாட்டில் ஊர்க் குளம் தூர் வாருவது முதல் எல்லாப் பொதுக் காரியமும் இந்த நம்பிக்கையில்தான் கெட்டுப்போகிறது.

திங்கட்கிழமை மானேஜர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நான், ஞானமுத்து, சுயம்பு மூன்று பேரும் போனோம். அவர் கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

"கொள்ளாம் பண்டிதரே, நல்ல போராட்டமாக்கும்" என்றார். "சனிக்கிழம காலேஜ பூட்டிப் போட்டாச்சு, சாக்பீஸும் லாபம். பாடம் மட்டும் மண்டியிலயும் கடப்புறத்துலயும் ஜோரா நடக்குவு. அந்தக் கணக்கு டீச்சரு அக்ரிமெண்ட் இல்லாமலே இவ்வளவும் படிப்பிக்கால்லா? பொறவு அவளுக்கு எதுக்கு அக்ரிமெண்ட்?"

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து மூன்று எம்.ஏ. பட்டங்கள். ஒரு பட்டத்திலும் இதற்குப் பதில் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினோம். பாதிப் படியில் ஞானமுத்து சுயம்புவிடம் மெதுவாகக் கேட்டார்: "நெப்போலியன் முடிஞ்சுதா?" என் கையில் குடை இருந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி லூர்து மேரியின் வேலை போனதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே மானேஜரின் குமாஸ்தா என்னைத் தேடி வந்தார். காலேஜ் டே வருகிறது, தலைநகர் திருவனந்தபுரத்திலிருந்து மந்திரி ஒருவர் வருகிறார், வாழ்த்துப்பா தயாரா என்று கேட்டார். அது இன்னொரு வழக்கம். ஒவ்வொரு காலேஜ் டேக்கும் மானேஜரைப் புகழ்ந்து நான் ஒரு வாழ்த்துப்பா எழுதுவேன். ஞானமுத்து ஆங்கிலத்தில் வரவேற்புப் பத்திரம் எழுதுவார். சுயம்பு கல்லூரி வரலாறு எழுதுவார் — அதில் மானேஜரின் முன்னோர்கள் பெரிய பெரிய காரியங்கள் செய்வார்கள். எல்லாவற்றையும் பிறகு கண்ணாடி போட்டு அவர் வீட்டு ஹாலில் மாட்டுவார்கள்.

"பாட்டு வரல்ல" என்றேன் குமாஸ்தாவிடம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் எந்தத் திட்டமும் இல்லை. நிஜமாகவே வரவில்லை. அந்த மனுஷரைக் கருணைக் கடலே என்று எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஞானமுத்து சொன்னார், தனக்கும் ஆங்கிலம் வரவில்லையாம். சுயம்பு இன்னும் ஒரு படி மேல். "சரித்திரத்துல அப்படி ஒண்ணும் நடக்கல்லன்னு சொல்லிட்டேன்" என்றார்.

கூட்டம் போடவில்லை, தீர்மானம் இல்லை, மேஜை குத்தவில்லை. ஆனால் ஒருவர்கூட மீறவில்லை. மற்ற துறைகளிலும் கேட்டுப் பார்த்தார்கள் போலிருக்கிறது... தாவரவியல்காரர்கூடக் கையை விரித்துவிட்டார். பாடம் நடத்துவதை நிறுத்தச் சொன்னால் எங்களால் முடியாது. புகழ்வதை நிறுத்த யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மானேஜர் வெளியூரிலிருந்து ஒரு புலவரைப் பிடித்து வந்தார். அவர் எந்தப் பண்ணையாருக்கோ எழுதிய பாட்டைப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் மானேஜரிடம் இல்லாத வில்வண்டியும் இரண்டு காளைகளும் இருந்தன.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் கார் நின்றது. மானேஜரேதான். என் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மந்திரி வாரார் வேய். சபையில எனக்கு மாலையப் போட்டுட்டு ஒருத்தனும் வாயத் தொறக்கல்லன்னா, மந்திரி என்ன நெனைப்பாரு?"

"நானும் எழுதிப் பாத்தேன் முதலாளி. அந்தக் கணக்கு டீச்சர நெனச்சா வரி ஓடமாட்டேங்கு."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "மிரட்டுகேரா?"

"மிரட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனசு நிறைஞ்சாத்தான் பாட்டு வரும். அவ்வளவுதான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலை பதினோரு மணிக்குள் லூர்து மேரியின் நிரந்தர அக்ரிமெண்ட் கையெழுத்தாகி வந்துவிட்டது. நாலு வருஷ சர்வீஸையும் சேர்த்து! மச்சினன் மகன் வேறு எங்கோ வேலை பார்த்துக்கொள்வானாம்.

நானும் பேச்சு மாறவில்லை. மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்தேன். கருணைக் கடல், கற்பகத் தரு, எல்லாம் உண்டு. சாயங்காலம் மேடையில் மாணவிகள் அதைப் பாட, மானேஜர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மந்திரி தலையை ஆட்டினார்.

கூட்டம் கலைந்ததும் லூர்து மேரி மைதானத்து ஓரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அக்ரிமெண்ட் கையில் இருந்தது. போய் வாழ்த்துச் சொன்னேன். நன்றி சொல்வார், நானும் கொஞ்சம் தன்னடக்கமாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் போனேன்.

"சந்தோசம்தான் சார். அப்பாட்ட சொன்னா அழுவாரு" என்றார். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்தார்.

"நாலு வருசம் உயிரக் குடுத்துப் படிப்பிச்சேன். அதுக்கு இது கிடைக்கல்ல. நீங்க ஒரு பாட்டு எழுதாம இருந்திய, கிடைச்சிட்டு. அப்போ நான் படிப்பிச்சதுக்கு என்னதான் சார் மதிப்பு?"

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கில் எங்கே பிழை என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஜெயித்துவிட்டு இவ்வளவு அவமானமாக நான் வீட்டுக்குப் போனதே இல்லை.

இன்றுவரை யோசிக்கிறேன், பதில் வரவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுத வேண்டாம். எங்கள் மானேஜருக்கே எழுதுங்கள்... வெண்பாவாக எழுதினால் நிச்சயம் படிப்பார்.