ஊவா அருவிகளுக்கு ஒரு வாடகைக் கார்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இரண்டு முதலாளிகள்: காரை வாங்கியவர் ஒருவர், பின்சீட்டில் உட்கார்ந்து “மெதுவா, மெதுவா” என்பவர் இன்னொருவர். இதே தொழிலில் கிடந்து அவதிப்படும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில் பதுளைக்கு வந்து சேராத காலத்தில், பண்டாரவளைக் கடை முதலாளி ஒருவரின் காரை நான் ஓட்டினேன். காலையில் ஆட்களை ஏற்றி, அருவியோ மலையோ காட்டி, இருட்டுமுன் கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். கார் வருகிறதென்றால் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பே வாசலுக்கு வந்து நிற்கும். எனக்கும் ஒவ்வொரு பயணமும் முதல் பயணம் மாதிரிதான்.

துணிக்கடைக்காரரின் அருவி

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், துன்ஹிந்த அருவியைப் பற்றிப் பேசியே சேலை விற்பார். லுணுகலையிலிருந்து யார் வந்தாலும் அதன் உயரம், சத்தம், வானவில் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். ஒருநாள் காலி நகரத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டார், அதைக் காட்டியே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஹாஜியார், ஊரைத் தாண்டியதும் என் காதோடு ஒன்று சொன்னார். அவரே அருவியைப் பார்த்ததில்லையாம். அது வெளியே தெரியாமல் நான்தான் வழியில் கைகொடுக்க வேண்டுமாம்.

காரை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் நடந்தோம். முதலில் என் பின்னால் வந்தவர், சத்தம் கேட்கக் கேட்கச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் முந்திவிட்டார். கடைசித் திருப்பத்தில் சாரல் முகத்தில் அடித்தது. எதிரே மலை முழுக்கப் புகையாக எழும்பி நின்றது தண்ணீர். சம்பந்தி ஏதோ கேட்டார். ஹாஜியார் காதில் விழவில்லை. தொப்பி நனைந்து சொட்ட, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நானும் எவ்வளவோ அளந்திருக்கன் தம்பி, இதுக்கு என்ட கெஜக்கோல் காணாது.”

எல்ல இடைவெளி

கொழும்புக் கந்தோரில் குமாஸ்தாவாக வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், மனைவியோடு எல்ல இடைவெளியைப் பார்க்க வந்தார். இரண்டு மலைக்கும் நடுவால் கீழே சமவெளியும், நல்ல நாளில் கடற்கரையும் தெரியும் என்று வழிநெடுக அந்த அம்மாவுக்கு விளக்கினார். போய் நின்றால் ஒரே மூடுபனி. கார் மூக்கே எனக்குத் தெரியவில்லை. பனி விலகும்வரை பொறுமை வேண்டும் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். காத்திருந்து அலுத்துப்போய், இடைவெளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பனி கிழிந்தது. என்ன ஒரு காட்சி! மலைகள் இரண்டும் ஒதுங்கி வழிவிட, கீழே பச்சைக் காடு, அதற்குள் வெயில் பட்டு மின்னும் குளங்கள், அதற்கும் அப்பால் நீலக்கோடு. நான் ஐயாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டார். இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். பனி மறுபடி மூடிக்கொண்டது. இன்னும் விலகவில்லையா என்று ஐயா வாயில் சோற்றோடு திரும்பிக் கேட்டார். அம்மா சொன்னார்:

“நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ, நான் பார்த்து முடிச்சிட்டன்.”

மலைக்கு அந்தப் பக்கம்

எல்ல ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் மாரியாயி. அவள் லயத்துக்கு மேலே ஒரு மலை. மழைக்காலத்தில் அதற்கு அப்பாலிருந்து இரைச்சல் வரும். ராவணா எல்ல அருவி என்று எல்லாருக்கும் தெரியும், போய்ப் பார்த்தவர்கள் யாருமில்லை. கங்காணியிடம் கெஞ்சி ஒருநாள் லீவு வாங்கிக்கொண்டு, மூன்று தோழிகளோடு காசு சேர்த்து என் காரில் ஏறினாள்.

இறக்கத்தில் பாதி வழியில் பிரேக் பிடிக்கவில்லை. ஒருபுறம் மலை, மறுபுறம் பாதாளம். கைப்பிரேக்கை இழுத்தபடி மலைப்பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் ரோட்டோர வடிகால் கானுக்குள் இறங்க, கார் மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. நடந்தே திரும்பிவிடலாம் என்றேன். இன்னொரு லீவு யார் தருவார்கள் என்று மாரியாயி என்னைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் சேலையை வரிந்து கட்டினாள். நாலு பேரும் சேர்ந்து, மூச்சுப் பிடித்துச் சக்கரத்தைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார்கள்.

சூடேறியிருந்த பிரேக் ஆறி, லேசாகப் பிடிக்க ஆரம்பித்தது. ஆனாலும் அவர்கள் ஏறவில்லை. ஆளுக்கொரு கல்லோடு காரின் இருபுறமும் நடந்தார்கள். கார் வேகமெடுத்தால் சக்கரத்துக்கு அணை போடத்தான். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஊர்ந்து இறங்கினோம். ஒரு முடக்கில் திரும்பியதும், ரோட்டோரத்திலேயே அருவி. கல்லையெல்லாம் போட்டுவிட்டு நாலு பேரும் ஓடினார்கள். மாரியாயி முழங்கால் தண்ணீரில் நின்று, அண்ணாந்து பார்த்து அருவியிடமே கேட்டாள்:

“இத்தன வருசமா மலைக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டது நீதானா?”

ஊவாவின் அழகையெல்லாம் கண்ட பாக்கியசாலி என்று என்னைச் சொல்கிறார்கள். நான் அதிகமாகப் பார்த்ததென்னவோ ரோட்டின் அடுத்த முடக்கைத்தான்.