கடலை விழுதும் இருபது ராத்தலும்

என் வீட்டுக்காரருக்கு நல்ல கனத்த உடம்பு. கல்யாணத்தன்று என் சித்தி என் காதோடு, மாப்பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு மணவறை போட்டிருக்கலாம் என்றாள். நானும் சிரித்துவிட்டேன். நானும் ஒன்றும் ஒல்லி இல்லை; ஆனால் அவர் பக்கத்தில் நின்றால் யாரும் ஒல்லிதான். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நிலக்கடலை மண்டியில் அவருக்கு நிறுவை பார்க்கிற வேலை. மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வண்டி வண்டியாக மூட்டைகள் வந்து இறங்கும். தராசு முன்னால் நின்று அவர் ஒரு எடை சொன்னால் விற்க வந்தவனும் மறுபேச்சுப் பேசமாட்டான், வாங்க வந்தவனும் பேசமாட்டான். அப்பேர்ப்பட்ட மனுஷரை நான் பொய்யர் என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

நான் அப்போது அமெரிக்கர்கள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் நானும்தான்.

அவருக்கு அடிவயிற்றில், தொடை இடுக்கை ஒட்டி, ஒரு வீக்கம் வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் சொல்லவில்லை. நடை மாறியதைப் பார்த்து நான்தான் பிடுங்கியெடுத்துக் கேட்டேன், நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். குடல் இறங்கியிருக்கிறது, அறுத்துத் தைத்தால் சரியாகிவிடும், ஆனால் இந்தக் கனத்தில் மயக்க மருந்து கொடுத்தால் இருதயம் தாங்காது, இருபது ராத்தல், இப்போதைய கணக்கில் ஒன்பது கிலோ, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதுவரைக்கும் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை கொடுத்தார். மூட்டையைத் தொடக் கூடாது. வீக்கம் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அடுத்த நிமிஷமே வண்டி ஏறிவிட வேண்டும். இத்தனையும் சொன்னார். எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறியது அந்த இருபது ராத்தல் ஒன்றுதான்.

எதைக் குறைப்பது என்று நான் கேட்டேன். "சோத்தைக் குறைங்கம்மா, முதல்ல சோத்தைக் குறைங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. பிசகு அதைக் காதில் வாங்கிய என்னிடம்தான்.

எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் சாப்பாடு என்றால் சோறு. மற்றதெல்லாம் பலகாரம். கார்த்திகை விரதம் என்று சொல்லிவிட்டு ஆறு தோசையும் ஒரு கிண்ணம் சட்னியும் உள்ளே தள்ளுவார்கள்; யாராவது கேட்டால், இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை என்பார்கள். அதில் பொய்யே கிடையாது. சோறு தொடவில்லை, ஆகவே சாப்பிடவில்லை. நானும் அப்படி எத்தனையோ வெள்ளிக்கிழமை 'சாப்பிடாமல்' இருந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்த எனக்கு இது ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் சோற்றைப் பாதியாக்கினேன். மனுஷர் தவித்துப்போனார். இரண்டு கரண்டிச் சோற்றை வைத்துக்கொண்டு இலையை வழித்து வழித்துப் பார்ப்பார். கேட்கவும் மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் மண்டியில் வண்டிகள் போனபிறகு, மூட்டை நிறுக்கிற தராசுத் தட்டில் அவர் ஏறி உட்காருவார், ஒரு கூலியாள் எதிர்த்தட்டில் கல் வைப்பான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போய் நிற்பேன். இரண்டாம் சனிக்கிழமை மூன்று ராத்தல் குறைந்திருந்தது. அவருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வரும் வழியில் அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, ஒரு கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டோம். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸம்மாவின் நினைப்பு வந்தது எனக்கு. எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸம்மா, ஊதினால் பறந்துபோகிற உடம்பு. மத்தியானத்தில் சோற்றைத் தொடமாட்டார். இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் கடலையை அரைத்த விழுது. அதற்கு அவர் சொல்லும் பெயர் கடலை வெண்ணெய், ரொட்டியோடு சேர்ந்தால் சாண்ட்விச். அதைத் தின்றுதான் அவர் அவ்வளவு ஒல்லியாக இருக்கிறார் என்று நானாக முடிவு கட்டினேன். அவர் அதில் ஒன்றே ஒன்றுதான் தின்பார் என்பதும் எனக்குத் தெரியும்; தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தானே. போதாததற்கு, ரொட்டி என்பது நம் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பத்தியம். பத்தியத்தில் உடம்பு எப்படி ஏறும்?

செய்முறையைக் கேட்டு வந்தேன். கடலையை வறுத்து, தோலை ஊதி, உப்பும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்து அம்மியில் வைத்து அரைத்தேன். ஓட்டி ஓட்டி அரைக்க அரைக்க மாவு இளகிக் குழம்பாகி, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டு நின்றது. வீணாக்குவானேன் என்று அதையும் சேர்த்துக் கலந்துவிட்டேன். ஸ்டேஷன் பக்கத்து ரொட்டிக் கடையில் ரொட்டி. காலையில் இரண்டு, மத்தியானம் கட்டிக்கொடுக்க மூன்று, சாயங்காலம் பசி என்றால் இன்னும் ஒன்று. சோறு, ராத்திரி ஒரு கரண்டியோடு சரி. பசி ஆறியது. அவர் முகம் தெளிந்தது. நான் அன்றைக்கு என்னை மெச்சிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை அம்மியில் வைத்து நசுக்கலாம் போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை எடை இறங்கவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு ராத்தல் ஏறியிருந்தது. அதற்கும் அடுத்த வாரம் இன்னும் இரண்டு. கூலியாள் கல்லை மாற்றி வைத்துப் பார்த்தான், தட்டைத் துடைத்துப் பார்த்தான். அவர் தானே இறங்கி முள்ளைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஏறினார். அதே எடை.

எனக்கு வேறு வழியாக யோசிக்கத் தெரியவில்லை. வீட்டில் சோறு இல்லை, உடம்போ ஏறுகிறது. ஆக, வெளியில் தின்கிறார். மண்டித் தெரு முனையில் ஒரு காப்பி கிளப் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நேரே அங்கே போய் விசாரித்தேன். அவர் இந்தப் பக்கம் வந்தே ஒரு மாதம் ஆகிறது என்றார் முதலாளி. அவருக்கும் இவர் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைப் பையை முகர்ந்து பார்த்தேன். வேட்டியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை இருந்தது. அது நான் கட்டிக்கொடுத்த பொட்டலத்தின் கறை.

அன்றைக்கு அவரை நிற்க வைத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீ குடுத்ததத் தவிர நான் ஒண்ணும் வாயில வைக்கல."

"தராசு பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?"

தராசு பொய் சொல்லும் என்று அவரால் சொல்ல முடியாது. அவர் பிழைப்பே அதுதான். "எனக்கே புரியல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவினார். நடிப்பு என்று வாய்விட்டுச் சொன்னேன். அறுத்துத் தைத்துக்கொள்ளப் பயம், அதனால்தான் திருட்டுத்தனமாகத் தின்று உடம்பை ஏற்றிக்கொள்கிறீர்கள் என்றும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அந்த ஒரு கரண்டிச் சோற்றையும் அவர் நிறுத்திவிட்டார். தன் மேல் குற்றம் இல்லை என்று காட்ட, நான் தொட்டுக் கொடுத்த சாண்ட்விச்சைத் தவிர வேறெதையும் தின்பதில்லை என்று வைராக்கியம். பக்கத்து வீட்டில் சீமந்தம் என்று கூப்பிட்டதற்குப் போய் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நானும், பாவம் வேறொன்றும் இல்லையே என்று விழுதைக் கனமாகத் தடவினேன். அந்தச் சனிக்கிழமை இன்னும் மூன்று ராத்தல். தராசுத் தட்டிலிருந்து அவர் இறங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தேன். கூலியாள் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவர் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளாமல் வேலைக்குப் போனார். கோபம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து சுவரோடு ஒண்டிப் படுத்தார். என்னவென்று கேட்டேன், வாயு என்றார். சனிக்கிழமை மத்தியானம், நிறுவைக்குப் போகாமல் முற்றத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். பச்சை நிறத்தில் வந்தது. பட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். வீக்கம் கல்லாக இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். நேற்று விடியற்காலையிலிருந்து என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"இன்னும் குறையலயே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டாக்டர்ட்டப் போறது?"

ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்த மாத்திரத்தில், கனமோ கனமில்லையோ உடனே அறுக்க வேண்டும் என்றார். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் நம்பிக்கையோடு சொல்லியிருப்பேன் என்று என்னிடம் ஒதுங்கிச் சொன்னார். கத்திகளை வேகவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டிலுக்கு வந்து, என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். நான் ஒப்பித்தேன். சோறே இல்லை டாக்டர், ரொட்டியும் கடலை விழுதும்தான், ஒரு நாளைக்கு ஆறு என்றேன். அந்த நிலையிலும் என் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அது எண்ணெய்ச் சரக்காச்சேம்மா. அதுல மூணு தின்னா ரெண்டு வேளைச் சோத்துக்குச் சமானம்."

திட்டவில்லை. சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். என் வீட்டுக்காரர் அன்றாடம் செக்குக்கும் மில்லுக்கும் எண்ணெய் ஆட்டுவதற்காக நிறுத்து அனுப்பிய அதே கடலை. எண்ணெய் என்று எங்கள் இருவருக்கும் தெரியாமலா இருந்தது? சோறு இல்லை, அதனால் சாப்பாடு இல்லை. அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

அவர் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் தலையைத் திருப்பினார். அத்தனை வலியிலும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். என் மேல் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் பொய் சொல்லலன்னு இப்பத் தெரிஞ்சுச்சா?" என்றார்.

தெரிந்தது என்று சொன்னால், இத்தனையும் செய்தது நான் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாமல் படுங்கள், பேசினால் வலி கூடும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் இறந்துபோனார். அறுத்த பிறகு அவருக்கு நினைவு வரவே இல்லை. அன்றைக்கு அவர் என்னிடம் அதைக் கேட்ட பிறகு, அறுக்கிற அறைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.